சர்நேமே இல்லாத நான், ரெண்டு சர்நேம் இருக்கற என்ற சம்சாரம்: பேப்பர் வேலை முடிஞ்ச கதை

எங்க ரெண்டு பேரு பேரையும் எல்லா பேப்பர்லயும் எப்படி சரி பண்ணுனீங்கன்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் போன் போட்டுக் கேக்கறாங்க, ஒவ்வொருக்காவும் முதல்ல இருந்து சொல்றதுக்கு ஒரேடியா எழுதிப்போடறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும் பொறுத்துக்குங்க.

நான் காங்கேயம் பக்கம், வேலை திருப்பூர்ல, பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர். ஸ்பெயின் பையர் சைடுல இருந்து சாம்பிள் பாக்க வந்துட்டிருந்த பொண்ணுதான் இப்ப என்ற சம்சாரம். நெசப் பேருக வேண்டாம், எல்லாத்தையும் மாத்தித்தான் சொல்றேன். அவ பேரு கார்மென் கார்சியா மார்த்தினெஸ்னு வெச்சுக்குங்க. நான் செந்தில்குமார், அப்பா பேரு பழனிசாமி. என்ற பழைய பாஸ்போர்ட்டுல கிவன் நேம்ல, அதாவது சொந்தப் பேரு எடத்துல, செந்தில்குமார்னு இருக்கும், சர்நேம்ங்கற குடும்பப் பேரு எடத்துல ஒண்ணுமே இல்ல, வெறும் வெள்ளை. நம்மூர்ல பாதிப் பேருக்கு இப்படித்தான், ஸ்கூல் டிசில பி.செந்தில்குமார்னு இருக்கும், பாஸ்போர்ட்டுல இனிஷியல் எடுக்க மாட்டாங்க, அதனால அந்த பி காணாமப் போயிரும்.

அவங்க வழக்கத்த மொதல்ல புரிஞ்சுக்கணும், அது புரியாமத்தான் எங்களுக்கு ரெண்டு வருசம் வெசனம். ஸ்பெயின்ல ஒரு ஆளுக்கு ரெண்டு சர்நேம், அப்பாவோட மொத சர்நேம் ஒண்ணு, அம்மாவோட மொத சர்நேம் ஒண்ணு. ரெண்டும் சேந்ததுதான் சர்நேம், கார்சியாங்கறது மிடில் நேம் கெடையவே கெடையாது. கல்யாணம் ஆனாலும் பொம்பளைகளுக்குப் பேரு மாறாது. அதனால ஒரே வீட்ல மூணு பேருக்கு மூணு விதமா இருக்கும், மாமனார் கார்சியா லோபெஸ், மாமியார் மார்த்தினெஸ் ரூயிஸ், இவ கார்சியா மார்த்தினெஸ். டென்னிஸ் நடால் இருக்காரே அவரு முழுப்பேரு ரஃபேல் நடால் பரேரா, நடால் அப்பா வழி பரேரா அம்மா வழி. பிக்காசோவுக்கு அப்பா வழி ரூயிஸ், நாம சொல்ற பிக்காசோ அவங்கம்மா வீட்டுப் பேரு. போர்ச்சுகல் பிரேசில் பக்கமெல்லாம் வழக்கமா இது தலைகீழ், அம்மா பேரு முன்னாடி அப்பா பேரு கடைசில, அங்க சம்பந்தம் பண்ணுனவங்க நான் சொல்றத அப்படியே எடுத்துக்காதீங்க.

எங்கம்மாளுக்கு இதைச் சொன்னா ரெண்டே நிமிசத்துல புரிஞ்சுது. நம்ம பக்கம் பொண்ணு பாக்கப் போனா அப்பன் எந்தக் கூட்டம் (குலம்), ஆத்தா பொறந்தது எந்தக் கூட்டம்னு ரெண்டையும்தான கேக்கறோம், நாம வாயில வெச்சிருக்கறத அவங்க பேப்பர்ல வெச்சிருக்காங்க, அவ்வளவுதான வித்தியாசம்.

ஆபீஸ்லதான் புரியல. கல்யாணத்த ஸ்பெசல் மேரேஜ் ஆக்ட்ல பதிஞ்சோம், நோட்டீஸ் குடுத்து 30 நாள் காத்திருக்கணும், அதெல்லாம் சிக்கல் இல்லாமப் போச்சு. டைப் பண்றவரு பாஸ்போர்ட் காப்பியப் பாத்துட்டு கடைசியா இருக்கறதுதான் சர்நேம்னு அவரா முடிவு பண்ணி நடுவுல இருந்த கார்சியாவ தூக்கிப்போட்டு கார்மென் மார்த்தினெஸ்னு அடிச்சுட்டாரு. அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, படிச்சுப் பாருங்கன்னு நீட்டுனாரு, நான்தான் சாட்சிக்கு வந்த மாமாவ பஸ் ஏத்தி விடற அவசரத்துல பாக்காமயே கையெழுத்துப் போட்டேன். அவரு நல்லதுக்குன்னு ஒண்ணு வேற சொன்னாரு, "ஏனுங்க தம்பி, அம்மணி பேருக்குப் பின்னாடி உங்க பேரச் சேத்திப்போட்டா எல்லாம் ஒரே பேராப் போயிருமுங்களே"ன்னு. நான் அவகிட்ட சொன்னேன். அவ முடியாதுன்னுட்டா, கோவமா எல்லாம் இல்ல, மார்த்தினெஸ் எங்கம்மா, கார்சியா எங்கப்பா, இதுல யாரை எடுக்கச் சொல்றன்னு கேட்டா.

அன்னிக்கு ரவைக்கு இதை வீட்ல பேசிட்டிருந்தப்ப எங்கம்மா சொன்னது எனக்கு இன்னும் மனசுல இருக்கு. "கல்யாணத்துக்கு முந்தி எங்கய்யன் பேரு எனக்கு இனிஷியல், அப்பறம் உங்கப்பன் பேரு வந்துச்சு, எங்கம்மா பேரு ஒரு காயிதத்துலயும் இல்ல சாமி, அந்தப் புள்ள சொல்றத மாத்தாத." அதுக்கு அப்பறம்தான் நானும் இதுல பிடிவாதமா நின்னேன்.

சிக்கல் வெளிய வந்தது ரெண்டு வருசம் கழிச்சு. இந்தியாக்காரரைக் கல்யாணம் பண்ணுன வெளிநாட்டுக்காரங்க ஓசிஐ கார்டு, அதாவது இங்க காலத்துக்கும் வந்துபோக, தங்கறதுக்கான கார்டு, வாங்கணும்னா கல்யாணம் பதிஞ்சு ரெண்டு வருசம் முழுசா சேந்து இருந்திருக்கணும், அதுவரைக்கும் என்ட்ரி விசாதான், அத நீட்டிக்க வெளிநாட்டுக்காரங்க பதிவு ஆபீசோட ஈ-எஃப்ஆர்ஆர்ஓ சைட்ல அப்லோடு பண்ணிட்டே இருக்கணும். ரெண்டு வருசம் முடிஞ்சுதும் ஓசிஐ போட்டோம், கட்டணம் 15,000 ரூவா. பாஸ்போர்ட்டுல இருக்கற மாதிரி சர்நேம் கட்டத்துல கார்சியா மார்த்தினெஸ் ரெண்டும் போட்டாச்சு. மேரேஜ் சர்டிபிகேட்ல கார்மென் மார்த்தினெஸ். ரெண்டும் ஒரே ஆளுதானான்னு திருப்பி விட்டுட்டாங்க. நோட்டரிகிட்ட போயி ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு அபிடவிட் எழுதிக் குடுத்துப் பாத்தோம், எங்க கேஸ்ல அது போதல, சர்டிபிகேட்டையே திருத்திட்டு வாங்கன்னுட்டாங்க.

மறுக்கா பதிவு ஆபீசுக்கு நடை. மூணு வாட்டி போனோம், மூணாவது வாட்டி இருந்த மேடம்தான் உக்காரச் சொல்லி விவரம் கேட்டாங்க. அவங்களுக்கு நான் காட்டுனது பாஸ்போர்ட் போட்டோ பக்கத்துல அடில இருக்கற ரெண்டு வரி. உங்க பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்க, வரிக்கு 44 எழுத்து, எல்லா நாட்டுக்கும் ஒரே முறை. மொத வரில நாட்டுக் குறிக்கு அப்பறம் சர்நேம் வரும், அதுக்கு அப்பறம் < இந்த அம்பு குறி ரெண்டு சேந்து வரும், அதுக்கப்பறம்தான் கிவன் நேம். வெறும் எடைவெளிக்கு ஒத்தை அம்பு. அவளோடதுல கார்சியா<மார்த்தினெஸ்<<கார்மென்னு இருக்கும். கார்சியாவுக்கும் மார்த்தினெசுக்கும் நடுவுல ஒத்தை அம்பு, அப்ப ரெண்டும் ஒரே பேரு, ரெட்டை அம்பு வர்ற வரைக்கும் சர்நேம் முடியல. அந்த மேடம் பேனா முனைய ஒவ்வொரு எழுத்து மேலயும் வெச்சு எண்ணிட்டே போனாங்க, ரெட்டை அம்புகிட்ட நிறுத்தி, "ஓ, இங்கதான் முடியுதுங்களா"ன்னாங்க. அவ்வளவுதான், மனு, பாஸ்போர்ட் காப்பி, அவளோட பர்த் சர்டிபிகேட் வெச்சு திருத்தம் ஆயிருச்சு. அதுக்கப்பறம் ஓசிஐக்கு போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வந்தாங்க, டீ குடிச்சுட்டு ரெண்டு கேள்வி கேட்டுட்டு போனாங்க, கார்டும் வந்துருச்சு.

இதுல தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணு ரெண்டு இங்கயே சொல்லிப்போடறேன், மறந்துரும். ஏஜென்ட் ஒருத்தர் ரெண்டு சர்நேமுக்கும் நடுவுல கோடு போட்டு ஒட்டிருங்கன்னாரு, பாஸ்போர்ட்டுல கோடு இல்லீன்னா நீங்களா போடாதீங்க, அப்பறம் அது இன்னொரு பேராயிரும். ஸ்பானிஷ் எழுத்துல சிலதுக்கு மேல சின்னக் கோடு வரும், கார்சியாவுலயே இருக்கு, நம்ம சிஸ்டம் அதை எடுக்காது, பாஸ்போர்ட் அடி வரில கோடு இல்லாமத்தான் இருக்கும், அதைப் பாத்து அடிங்க. பிளைட் டிக்கெட்டுல சர்நேம் கட்டத்துல ரெண்டையும் போடுங்க, போர்டிங் பாஸ்ல எடைவெளி இல்லாம ஒட்டி வந்தா பயப்பட வேண்டாம். விசா ஃபார்ம்ல பேரு மாத்திருக்கீங்களான்னு கேட்டா இல்லைதான், அவங்க மாத்தவே இல்லையே.

இப்ப என்ற பக்கம் வர்றேன். அவ முழுகாம இருந்தப்பதான் இது எங்களுக்கே உறைச்சுது. கொழந்தைய ஸ்பெயின்ல பதியணும்னா ரெண்டு சர்நேம் வேணும், அப்பாவோடது ஒண்ணு அம்மாவோடது ஒண்ணு. அப்பாவுக்கு சர்நேமே இல்லையே? தூதரகத்துல கேட்டதுக்கு உங்க பாஸ்போர்ட்டுல சர்நேம்னு என்ன இருக்கோ அதைத்தான் எடுப்போம்னாங்க. 2022 நவம்பர்ல யுஏஇக்காரங்க ஒத்தைப் பேரு பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாதுன்னு சொன்னப்பவே நான் மாத்திருக்கணும், நாமெங்க துபாய் போகப்போறோம்னு விட்டுட்டேன்.

என்ன சர்நேம் வெக்கறதுங்கறதுல நல்லா யோசிங்க. ஃப்ரெண்டு ஒருத்தன் செந்தில் ஒரு பக்கம் குமார் ஒரு பக்கம்னு வெட்டிப்போடு வேலை முடிஞ்சுதுன்னான். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அப்படி வெட்டுனா என்ற பொண்ணு, அவ பேரப்புள்ளைக வரைக்கும் குமார் குமார்னு போகும், அது யாரு பேரு? அதனால அப்பா பேரு பழனிசாமியவே சர்நேமா போட்டு ரீஇஷ்யூ பண்ணுனேன், 36 பக்கத்துக்கு 1,500 ரூவா, கோயமுத்தூர்ல ஒரே நாள்ல சேவா கேந்திரா வேலை முடிஞ்சுது. அப்பா பேரு இருக்கற டிசி கையில இருந்துச்சு. மேரேஜ் சர்டிபிகேட்ல வெறும் செந்தில்குமார்தான், ஆனா அப்பா பேருக்கு தனிக் கட்டம் இருந்ததால அதை யாரும் கேக்கல.

ஆஸ்பத்திரில பொறப்பு ஃபாரம் எழுதற எடத்துல நான் ஏமாறல. அம்மா பேரு கட்டத்துல அவங்க கார்மென் செந்தில்குமார்னு எழுத ஆரம்பிச்சுட்டாங்க, நம்மூரு பழக்கம் அது. நான் முன்னாடியே ஒரு துண்டுச்சீட்டுல எல்லார் பேரையும் இங்கிலீஷ் கேப்பிடல் எழுத்துல எழுதி நாலு செராக்ஸ் போட்டு பையில வெச்சிருந்தேன், அதை நீட்டி இதைப் பாத்து எழுதுங்க அக்கான்னு சொல்லி, சிஸ்டத்துல ஏத்துனதும் ஸ்கிரீன்ல ஒருக்கா நானே படிச்சுப் பாத்துட்டுத்தான் நகந்தேன். கொழந்தை பேரு அன்னிக்கு குடுக்கல. பொறப்பு பதிவுல பேரை 12 மாசம் வரைக்கும் காசு இல்லாம சேத்திக்கலாம், லேட் ஃபீஸ் கட்டி 15 வருசம் வரைக்கும் சேத்திக்கலாம், அதனால ஸ்பெயின் பேரு முடிவாகற வரைக்கும் பொறுத்தோம். இந்த ஒண்ணை மட்டும் மறக்காதீங்க, ரெண்டு நாட்டுலயும் ஒரே பேரு ஒரே எழுத்துல இருந்தா பின்னாடி பாதி நடை மிச்சம்.

சர்நேம் வரிசைய நீங்கதான் சொல்லணும். முந்தி அப்பா பேருதான் தானா மொதல்ல வரும், 2017 ஜூன் 30ல இருந்து அங்க அந்த முன்னுரிமை இல்ல, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எது முன்னாடின்னு சொல்லணும், மொதக் கொழந்தைக்கு போட்ட வரிசைதான் அடுத்த கொழந்தைக்கும். நான் கார்சியா முன்னாடி இருக்கட்டும்னுதான் சொன்னேன், அவ பட்ட பாட்டுக்கு அது நியாயம்னு தோணுச்சு. அவ கேக்கல. ஸ்பெயின்லயே அதிகம் பேருக்கு இருக்கற சர்நேம் கார்சியாதான், தெருவுக்கு நாலு பேரு இருப்பாங்க, பழனிசாமின்னு அங்க யாரு இருக்கா, அது முன்னாடி வரட்டும்னுட்டா. அவங்க முறைல அடுத்த தலைமுறைக்குப் போறது மொத சர்நேம்தான், அதைத் தெரிஞ்சே சொன்னா.

அப்படி பாப்பா, நிலான்னு வெச்சுக்குங்க, நிலா பழனிசாமி கார்சியா ஆயிட்டா. பர்த் சர்டிபிகேட்ல அதே பேரை ஏத்தி, மாநில உள்துறை அட்டஸ்டேசன் வாங்கி, வெளியுறவுத்துறை அப்போஸ்டில் (வெளிநாட்டுல ஏத்துக்கறதுக்கான முத்திரை, அதுக்கு 50 ரூவாதான், கையாள் காசுதான் எச்சா), ஸ்பானிஷ்ல மொழிபெயர்ப்பு, அப்பறம் தூதரகம், எல்லாமா ஆறு மாசம் ஓடிருச்சு.

பாப்பாவோட ஸ்பெயின் பாஸ்போர்ட் வந்த அன்னிக்கு எங்கப்பா காட்டுல இருந்து பொழுதோட வந்தாரு. கையக் கழுவி துண்டுல தொடச்சு, கண்ணாடியப் போட்டுட்டு வாசல் லைட்டுக்குக் கீழ நின்னு பாத்தாரு. அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். என்ற பேரு எதுறா கண்ணுன்னாரு, காட்டுனேன். அடி வரில அம்பு குறியத் தொட்டு இதென்னன்னாரு, இது உங்களையும் கார்மெனோட அப்பாவையும் ஒண்ணாச் சேத்தற குறிங்கப்பான்னேன். ஒண்ணும் சொல்லல, இன்னொருக்கா முதல்ல இருந்து விரல் வெச்சு படிச்சாரு. நம்ம பக்கம் பேரனுக்குத்தான் அப்பாரு பேரை வெப்பாங்க, பேத்தி வழியா அது ஸ்பெயின் வரைக்கும் போகும்னு அவரு நெனச்சிருக்க மாட்டாரு.

இப்ப பாப்பாவுக்கும் ஓசிஐ வந்துருச்சு, சர்நேம் கட்டத்துல ரெண்டு பேரும் முழுசா இருக்கு. போன வாரம் பிளே ஸ்கூல் அப்ளிகேசன் குடுத்தாங்க, அதுல இனிஷியல்னு ஒரு கட்டம். செ போடட்டுமான்னு எங்கம்மா கேட்டாங்க. பர்த் சர்டிபிகேட்ல இல்லாத ஒரு எழுத்தும் வேண்டாம்மான்னு சொல்லி அதைக் காலியா விட்டுட்டு, பேரு கட்டத்துல மூணு பேரையும் எழுதினேன், எடம் பத்தாம கடைசி ரெண்டு எழுத்து கட்டத்துக்கு வெளிய போச்சு, ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க.