பந்தயத்தில் ஓடிய நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது

பந்தயத்தில் இருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டைத் தத்தெடுக்கப் போனால், நாயை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எந்த நாய் எந்த வீட்டுக்கு ஒத்துவரும் என்று தத்தெடுப்பு அமைப்பினர்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம். வீட்டைப் பார்க்க வந்தவர் வேலி உயரம், கேட்டின் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பூனை இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது, வயதான பூனை. அந்த ஒரு பதிலிலேயே பல நாய்கள் பட்டியலில் இருந்து விலகிப்போயின.

இவை சிறுவயதிலிருந்தே பொம்மை முயலைத் துரத்தப் பழகியவை. அதனால் வாய்க்கூடு மாட்டி, கயிற்றில் பிடித்தபடி ஒரு பூனைக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கிறார்கள். கூப்பிட்டால் தலையைத் திருப்புகிறதா, இல்லை உடல் விறைத்து முறைத்துக்கொண்டே நிற்கிறதா என்பதுதான் சோதனை. நான்கு வயதான கறுப்புப் பெண் நாய் ஒன்று திரும்பிப் பார்த்தது. அவள்தான் எங்களுக்கு வந்தாள். வீட்டிலும் முதலில் வாய்க்கூட்டோடுதான் பூனையைப் பார்க்கவிட்டோம்.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை கண்டிப்பானது: வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. மணிக்கு 70 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் ஓடக்கூடிய நாய், எதையாவது கண்டு பாய்ந்துவிட்டால் நம் குரல் அதன் காதில் ஏறாது. தலை கழுத்தைவிடக் குறுகலாக இருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை சட்டென்று கழன்றுவிடும். இழுத்தால் சற்றே இறுகும் மார்ட்டிங்கேல் பட்டைதான் சரி.

அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கியது. நாய்க்கொட்டடியில் வளர்ந்தவளுக்கு வீடு என்பதே புதிது. கண்ணாடிக் கதவு தெரியாமல் மோதிவிடக் கூடாதென்று அதில் காகிதம் ஒட்டினோம். மாடிப்படிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நின்று, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்துப் பழக்கினோம். கொட்டடியில் எப்போதும் மற்ற நாய்கள் பக்கத்தில் இருக்கும். தனிமை அவள் அறியாதது. ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்புவது, பிறகு ஐந்து நிமிடம், அப்படியே நேரத்தைக் கூட்டினோம்.

வீட்டில் குழந்தை இருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது தூக்கத்தைப் பற்றித்தான். கிரேஹவுண்டுகள் சில நேரம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். தூங்கும்போது யாரும் தொட்டுப் பழகாத நாய் திடுக்கிட்டு எழுந்தால் உறுமும், கடிக்கவும் கூடும். அது கெட்ட குணமில்லை, பயம். அவள் படுக்கையை நடைபாதையில் இருந்து தள்ளிப்போட்டோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலை தூக்கிய பிறகே கிட்டே போக வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அவள் அதை எங்களைவிடக் கவனமாகக் கடைப்பிடிக்கிறாள்.

ஓடும் நாய்க்கு நாளெல்லாம் ஓட்டம் வேண்டுமே என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். காலையும் மாலையும் ஒரு நடை, மற்றபடி தூக்கம்தான்.

மருத்துவரை மட்டும் விசாரித்துத் தேர்ந்தெடுங்கள். இந்த இனத்துக்கு உடலில் கொழுப்பு மிகக் குறைவு. தயோபென்டால் போன்ற மயக்க மருந்துகளின் விளைவு நீங்க அதிக நேரமாகும். ரத்தச் சிவப்பணுக்கள் மற்ற நாய்களைவிட அதிகமாகவும் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் அளவு குறைவாகவும் இருப்பது இவற்றுக்கு இயல்பு. இது தெரியாத மருத்துவர் இல்லாத நோய்க்கு மருந்து எழுதிவிடலாம். பந்தய நாய்கள் பலவற்றுக்கும் போல இவளுக்கும் பல் மோசம். அடுத்த மாதம் மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்யப் போகிறார்கள். எந்த மயக்க மருந்து என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.