கேன்வாஸ், பாண்டு, சேற்றுத் தண்ணீர்

சிங்கப்பூர் மழைநீரை எப்படிக் கையாளுகிறது என்று யூடியூபில் தேடினால் எல்லோரும் பீஷான் பூங்காவைத்தான் காட்டுவார்கள். காலாங் ஆற்றில் 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோடாகக் கிடந்த கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக 2012-இல் மாற்றிய இடம் அது. புல்கரை, விளையாடும் பிள்ளைகள், அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டுமான சைட்டில் வேலை பார்க்கிற என்னைக் கேட்டால், இந்த ஊர் மழைத்தண்ணீரைக் காப்பாற்றுவதில் பெரிய பங்கு சைட்டில் மண்மேட்டைப் போர்த்திக் கிடக்கும் கேன்வாஸுக்கும் குப்பைக்கூடத்தின் கூரைக்கும்தான்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்றால், அந்தத் தண்ணீரை இவர்கள் குடிக்கப் போகிறார்கள். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை ஏதாவது ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மொத்தம் 17 நீர்த்தேக்கங்கள். அதில் மரினா நீர்த்தேக்கம் ஒன்றுக்கு மட்டும் 10,000 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு, தீவில் ஆறில் ஒரு பங்கு. அதுவும் காடோ மலையோ இல்லை, நகரத்தின் நடு வயிறு. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் நாம் குடை பிடித்துக்கொண்டு கறிகாய் வாங்கும்போது பெய்கிற மழைகூட ரோச்சோர் கால்வாய் வழியாக அங்கேதான் போய்ச் சேர்கிறது. 2008-இல் திறந்த மரினா அணைக்கட்டு கடல்நீரை வெளியே நிறுத்துகிறது. பெருமழையின்போது கடல்மட்டம் தாழ்ந்திருந்தால் 9 கதவுகளைத் திறந்து தண்ணீரை விடுவார்கள், உயர்ந்திருந்தால் 7 ராட்சத பம்புகள் இறைத்து வெளியே தள்ளும்.

சரி, கடைத்தெரு மழையைக் குடிநீராக்க வேண்டுமென்றால் முதல் நிபந்தனை, கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக் கூடாது. அழுக்கு உண்டாகிற இடத்துக்கெல்லாம் கூரை போட்டுவிட வேண்டும். குப்பைக்கூடம், உணவங்காடியில் பாத்திரம் கழுவுமிடம், கார் கழுவுமிடம் எல்லாம் மழை படாமல் இருக்கும், தரையைக் கழுவின தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். கூரை வழியே விழுகிற சுத்தமான மழை மட்டும் வடிகாலுக்கு. கேட்பதற்கு என்னவோ சாதாரணமாக இருக்கும், ஆனால் 1977-இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுக்குள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கிற நிலை வரவேண்டும் என்று சொன்ன பிறகு பன்றிப் பண்ணைகளை அகற்றி, தெருவோரக் கடைகளை உணவங்காடிகளுக்குள் கொண்டுபோய், அதற்கே பத்து வருஷம் பிடித்தது. பிழைப்பு பறிபோனவர்களும் அந்தக் கணக்கில் உண்டு, அதைச் சொல்லாமல் ஆற்றை மட்டும் புகழ்வது எனக்குப் பிடிக்காது. சென்னையிலும் சட்டப்படி இரண்டும் தனித்தனிதான், ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக மழைநீர் வடிகாலில் வீட்டுக் கழிவுநீர்க் குழாயைச் சொருகிவிடுகிறார்கள், மாநகராட்சி போய் அடைக்கிறது, மறுபடி சொருகுகிறார்கள்.

இப்போது எங்கள் வேலைக்கு வருகிறேன். சைட்டில் மண் எந்த இடத்திலும் மொட்டையாகக் கிடக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். அன்றைக்குத் தோண்டுகிற இடம் தவிர மற்றதைக் கேன்வாஸ் போட்டு மூட வேண்டும், இல்லை மெல்லிசாக கான்கிரீட் ஊற்றிவிட வேண்டும். வேலிக்கு உள்பக்கம் சுற்றிலும் வாய்க்கால். சைட்டில் விழும் மழை முழுக்க அதில் இறங்கி பாண்டுக்கு, அதாவது சேற்றுத் தண்ணீர் தேங்கும் குட்டைக்கு வரும், பாண்டிலிருந்து பம்பில் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகும். அங்கே ஒரு மருந்து கலப்பார்கள், நம் ஊரில் கலங்கல் தண்ணீர்ப் பானையில் தேத்தாங்கொட்டையை இழைத்து விடுவோமே, அதே வேலைதான். மிதக்கிற களிமண் துகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததைத்தான் வெளி வடிகாலுக்கு விடலாம், அதிலும் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் துகள் இருக்கக் கூடாது. தண்ணீர் வெளியேறும் வாயைப் பார்த்தபடி ஒரு கேமரா. தேநீர் நிறத்தில் ஏதாவது போனால் இந்த ஊர்த் தண்ணீரை நிர்வகிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வெளியே போகிற லாரிக்கும் கேட்டிலேயே டயர் கழுவல்.

மத்தியானம் மூன்று மணி மழை வந்தால் இதெல்லாம் ஒரே நேரத்தில் சோதனைக்கு வரும். வானம் கறுத்ததும் பாதிப்பேர் கேன்வாஸ் இழுக்க ஓடுவார்கள், கால் மணி நேரத்தில் வாக்கிடாக்கியில் குரல் வரும், "அண்ணே, பாண்டு நிரம்பப் போவுது, ரெண்டாவது பம்பப் போடவா?" அந்த நேரத்தில் யாராவது அவசரப்பட்டு பம்புக் குழாயை நேரே வெளி வடிகாலில் போட்டுவிட்டால் அத்தனை ஏற்பாடும் வீண். வெறும் சேறுதானே என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். நுண்ணிய களிமண் அவ்வளவு சீக்கிரம் படியாது, தண்ணீருக்குள் வெளிச்சத்தை மறைக்கும், எண்ணெய், உலோகம் என்று ஒட்டக்கூடியதையெல்லாம் ஒட்டிக்கொண்டு பயணம் போகும், வடிகாலில் தங்கி அடுத்த மழைக்கு வெள்ளமும் கொண்டுவரும்.

கூரை போட முடியாத ஒன்று சாலை. எண்ணெய்ச் சொட்டு, டயர் தேய்ந்த தூள், டிஷ்யூ, சிகரெட் துண்டு எல்லாம் அதில் கிடக்கிறது, சில நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழை அத்தனையையும் வாரிக்கொண்டு போகிறது. அதற்காகத்தான் 2006-இலிருந்து அங்கங்கே மழைத்தோட்டம் போடுகிறார்கள். பள்ளமாக வெட்டி, மேலே செடி, கீழே மணல் கலந்த மண், அதற்கும் கீழே துளை போட்ட குழாய். தண்ணீர் மெதுவாக இறங்கி வடிகட்டி வரும். பெருமழையில் அது தாங்காது, நிரம்பி வழியும் என்று சிலர் குறை சொல்கிறார்கள். வழியட்டும், மோசமான அழுக்கு பெரும்பாலும் முதலில் ஓடி வரும் தண்ணீரில்தான் இருக்கிறது, அதைப் பிடித்தால் போதும். டிஷ்யூவும் பிளாஸ்டிக் கப்பும்தான் எந்தச் செடிக்கும் அடங்காமல் கால்வாய் வரை வந்துவிடுகின்றன, அவற்றை மிதவை கட்டித் தடுத்துப் படகில் போய் ஆட்கள்தான் அள்ளுகிறார்கள்.