குடோஸ் பன்மை இல்லை

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்கிறவர்களைப் பாராட்டி அண்ணன் மகள் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயத்தை ஊற்றி, கலையாமல் அச்சைத் தூக்குகிற அந்தக் கையின் நிதானம் வரை அப்படியே வந்திருந்தது, ஆனால் முடிவில் ‘மெனி குடோஸ் ஆர் ட்யூ’ என்று இருந்தது.

குடோஸ் கிரேக்கச் சொல், புகழ் என்று பொருள், கடைசி ‘ஸ்’ சொல்லோடு பிறந்தது, பன்மைக்காகச் சேர்த்ததில்லை. அதனால் ‘மெனி’ வேண்டாம், ‘ஆர்’ இருக்கிற இடத்தில் ‘இஸ்’ போடு என்றேன். (சிலர் ஸ்-ஐ வெட்டி ‘ஒரு குடோ’ என்றே எழுதுகிறார்கள், எனக்கு அது இன்னும் உறுத்தும்.) யாருக்கு என்பதற்கு ‘டு’, எதற்காக என்பதற்கு ‘ஃபார்’.

“அப்போ நம்ம புகழ் மாதிரிதான் அயித்தை, புகழ்கள்னு யாரும் சொல்றதில்லையே” என்றாள். எவ்வளவு சரியாகப் பிடித்துவிட்டாள்!