தஞ்சை–கும்பகோணம் லேப் கிரிட்: நிறுவுவது சுலபம், பேசவைப்பதுதான் பாடு

மேட்டூர் அணைத் திறப்பைக் கணினிக் கணக்கில் வழக்கமான ஜூன் 12-க்கு முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வோர் ஆண்டின் மழைக்கும் குறுவை, சம்பா நீர்த்தேவை பார்க்க வேண்டும். ஒன்றையொன்று எதிர்பார்க்காத ஓட்டங்கள். பல கணினிகளைச் சேர்த்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கிரிட்டுக்கென்றே செய்த வேலை. இரண்டு ஊர் லேப்பிலும் உபுண்டுவில் அப்படிப் பிரித்து ஓடவைக்கும் மென்பொருளான ஹெச்டிகாண்டர் (சுருக்கமாகக் காண்டர்) ஏற்றியாயிற்று, அதில் சிக்கலில்லை. கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காண, பழைய குறிப்புகளில் வரும் குளோபஸ் சான்றிதழ் பக்கம் போகாதீர்கள். அதற்கு ஆதரவு 2018-லேயே நின்றுவிட்டது. காண்டரின் டோக்கன் போதும்.

பாடு படுத்தியது ஹோஸ்ட்ஸ் கோப்பு (கணினிப் பெயருக்கு எதிரே ஐபி முகவரி எழுதும் கோப்பு). உபுண்டு தன் பெயருக்கு எதிரே 127.0.1.1 என்று எழுதிவைக்கிறது. எந்தக் கணினிக்கும் அது தன்னையே குறிக்கும் முகவரி. காண்டர் அதையே முகவரியாக அறிவித்தால், பட்டியலில் எல்லாக் கணினியும் ஜம்மென்று தெரியும், வேலை மட்டும் ஓடாது. வேலை அனுப்பும் கணினி அந்த முகவரிக்குப் போனால் தன் வாசலிலேயே தட்டிக்கொண்டு நிற்கும். அந்த வரியில் உண்மையான ஐபியைப் போடுங்கள். நெட்வொர்க் அலுவலகத்திடம் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கொடுத்து அந்த ஐபி மாறாமல் ஒதுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஃபயர்வால். 'கிரிட்டுக்குப் போர்ட் திறக்கவும்' என்று எழுதிய கடிதம் அந்த அலுவலகத்திலிருந்து கேள்விகூட இல்லாமல் திரும்பி வந்தது. எந்த ஐபியிலிருந்து எந்த ஐபிக்கு, டிசிபி 9618, எந்தத் திசை என்று ஒரே வரியில் எழுதுங்கள். எல்லாம் அந்த ஒரு போர்ட்டில் அடங்கும். ரேஞ்ச் கேட்டால் பயந்துவிடுவார்கள். கும்பகோணம் லேப் NAT-க்குப் பின்னால் (பல கணினிகள் ஒரே வெளி ஐபியைப் பகிரும் ஏற்பாடு) இருந்ததால் காண்டரின் இடைத்தரகரான சிசிபி (CCB) வழியாக விட்டோம். அங்கிருந்து வெளியே போகும் இணைப்பு மட்டும் போதும், உள்ளே எதுவும் திறக்க வேண்டாம் என்றதும் கையெழுத்து விழுந்தது!

வேலை ஓடாமல் ஐடிலிலேயே (காத்திருப்பில்) கிடந்தால் கியூ கட்டளையோடு (condor_q) பெட்டர்-அனலைஸ் (-better-analyze) சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் 4 ஜிபி நினைவகமுள்ள கணினியிடம் 8 ஜிபி கேட்டிருப்பீர்கள். யூஎஸ்பி கீபோர்டு என்றால், யாராவது தட்டுகிறார்களா என்று கவனிக்கும் கேபிடிடி (condor_kbdd) ஓடியாக வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே காண்டர் கணினியைப் பிடுங்கிக்கொள்ளும், புகார் நம் தலையில் விழும்.

ஆள் வந்து உட்கார்ந்ததால் வேலை வெளியேற்றப்பட்டால், இடைக்கோப்புகளைத் திருப்பி அனுப்பக் காண்டரில் ஒரு செட்டிங் உண்டு. கரண்ட் போனாலோ, சாயங்காலம் யாராவது மெயினை அணைத்தாலோ அது உதவாது. அதனால் ஒவ்வொரு ஓட்டமும் அரைமணிக்குள் முடியும்படி நறுக்கிவிடுங்கள்.