விந்துக்குழாயில் கட்டு மட்டும் போதாது

ஆண் கருத்தடை சிகிச்சை என்றதும் எல்லோரும் தோலில் போடும் வெட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1974இல் சீனாவில் லி ஷுன்சியாங் உருவாக்கிய கத்தியில்லா முறை வந்தபின், தோலில் சிறு துளை போதும், தையலும் வேண்டாம். அதனால் ரத்தக்கட்டும் சீழும் குறைந்தன. ஆனால் துளை எவ்வளவு சிறியது என்பதை வைத்து, விரையிலிருந்து விந்தணுவைக் கொண்டுசெல்லும் விந்துக்குழாய் அடைபடுவதில்லை. உள்ளே செய்கிற வேலைதான் அதைத் தீர்மானிக்கிறது.

முதலில் அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிரில் விரைப்பை சுருங்கிவிட்டால் குழாய் விரலுக்குப் பிடிபடாது. நடுவிரல் பின்புறம், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முன்புறம் என மூன்று விரலால் குழாயை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, அட்ரினலின் கலக்காத 2% லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தைத் தோலுக்கடியிலும் குழாயை ஒட்டி மேல்நோக்கியும் செலுத்த வேண்டும். மருந்து வேலை செய்யச் சற்றுப் பொறுக்காமல் துளையிட்டால் சிகிச்சை பெறுபவர் துள்ளுவார், குழாயும் நழுவும்.

வளைய ஃபோர்செப்ஸால் (இடுக்கியால்) பிடித்து, கூர்முனை ஃபோர்செப்ஸால் துளைத்து விரித்து, குழாயை வெளியே எடுத்தபின் அதைச் சுற்றியுள்ள உறையை முழுதாக விலக்க வேண்டும். அரைகுறையாக விலக்கினால் ரத்தம் கசியும். 1 செ.மீ. துண்டை வெட்டி இரு முனையையும் கட்டிவிட்டு முடித்துக்கொள்வது பழைய வழக்கம். இங்கேதான் தோல்வி பிறக்கிறது. முடிச்சை இறுக்கினால் அதற்கப்பாலுள்ள திசு செத்து உதிரும். விந்தணு கசிந்து கட்டி உண்டாகும், அதனூடே புதுப்பாதை திறந்துவிடும். இன்னும் நீளமாக வெட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. ஒரு முனையை, வழக்கமாக மேல்முனையை, உறைக்குள் விட்டு அதன்மேல் உறையை இழுத்துக் கட்டி, மறுமுனையை வெளியே நிறுத்த வேண்டும். 2004இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், கட்டி வெட்டியதோடு நிறுத்தியபோது விந்துப் பரிசோதனைப்படி 12.7 சதவீதமாக இருந்த தோல்வி, இந்த உறைத்தடுப்பைச் சேர்த்ததும் 5.9 ஆனது. அதுவும் குறைவில்லை. எனவே குழாயின் உட்சவ்வைச் சூட்டுக்கோலால் சுடுவதையும் சேர்ப்பது நல்லது. சவ்வு மட்டும் வெந்தால் போதும், தசைச்சுவர் முழுதும் கருகினால் முடிச்சு செய்த கெடுதலே மறுபடி நேரும்.

ஒரே துளை வழியாக இரு பக்கமும் செய்யும்போது ஒரே குழாயை இருமுறை வெட்டிவிடும் ஆபத்து உண்டு. இரண்டாவதை வெட்டுமுன் மெல்ல இழுத்து, அந்தப் பக்கத்து விரை அசைகிறதா என்று பார்க்க வேண்டும்.

வெட்டுக்கு மேலே தங்கிய விந்தணு வெளியேற மாதக்கணக்கு ஆகும். 3 மாதம் ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனை. அறிக்கை வருமுன் ‘இனிப் பயமில்லை’ என்று வாய்தவறியும் சொல்லக் கூடாது. 6 மாதம் கழித்தும் நீந்தும் விந்தணு தெரிந்தால் மீண்டும் செய்ய வேண்டியதுதான்.