விரால் கல்லை அளந்த அனுபவம்

மாதவரம் பக்கம் இருக்கிற ஒரு ஏரி. பெயரைச் சொல்லாமலே எழுதுகிறேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். அங்கே சேறு ஆளை இழுக்கும்.

ஏப்ரல் மாதம் எங்கள் தெருப் பையன் டிரோனில் எடுத்த வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஏரிக்குள் ஆகாயத்தாமரை வட்டமாகத் தேங்கி நிற்கிறது. வட்டத்துக்குள் கருப்பாக ஏதோ தெரிகிறது. இரண்டே நாளில் அது மூழ்கிப்போன சோழர் கோயில் ஆகிவிட்டது. எனக்கு வேறு கவலை. கோடையில் தூர் வாரப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. பொக்லைன் இறங்கிவிட்டால் அங்கே எது இருந்தாலும் மண்ணோடு மண்ணாக லாரியில் போய்விடும். அதற்கு முன்னால் அளந்து, வரைந்து, எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அனுமதிக்கு மூன்று வாரம் ஆனது. ஓர் அலுவலகத்தில் மனுவை வாங்கவே இல்லை. கடைசியில் உதவியது மனுவின் முதல் வரிதான்: “எதையும் தோண்டமாட்டோம், எடுக்கமாட்டோம், அளவு மட்டும் எடுப்போம்.” ஆய்வு என்ற சொல்லை எடுத்துவிட்டு இப்படி எழுதி, கையால் போட்ட வரைபடத்தையும் இணைத்த பிறகுதான் ஒரு பொறியாளர் உட்கார்ந்து படித்தார்.

நாங்கள் மூன்று பேர். நான், பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற சர்வேயர் சார், அப்புறம் அந்த ஏரியிலேயே முப்பது வருடமாக மீன் பிடிக்கும் அண்ணன். வீடியோவைக் காட்டியதும் அண்ணன் சொன்னார்: “அதுவா? அது விரால் கல்லு சார். எங்கப்பா காலத்துலேர்ந்து அந்தப் பொந்துல விரால் நிக்கும். கோயில்னு யார் சொன்னது?”

வெளிநாட்டில் இப்படிப்பட்ட வேலையை, ஒலி அனுப்பி நீருக்கடியில் இருப்பதை அறியும் சோனார் கருவி வைத்துச் செய்கிறார்கள். இஸ்ரேலின் கலிலேயா ஏரியில் சுமார் 70 மீட்டர் அகலமுள்ள கற்குவியலை 2003இல் அப்படித்தான் கண்டார்கள். எங்களிடம் இருந்தது அண்ணனுடைய தெர்மாகோல் தெப்பமும் ஒரு மூங்கில் கழியும். கழியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பெயின்ட்டில் போட்டோம். வெறும் கழியை ஊன்றினால் சேற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கும், ஆழம் தப்பாக வரும் என்று சார் அதன் அடியில் பெயின்ட் வாளி மூடியை வைத்துக் கட்டினார். சின்ன விஷயம்தான், ஆனால் அது இல்லாமல் ஓர் அளவும் தேறியிருக்காது.

கரையில் 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்க்கோடு பிடித்துக்கொண்டோம். ஒரு முனை மதகின் படிக்கல், மறுமுனையில் அடித்த இரும்பு முளை. இரண்டு முனையிலிருந்தும் கல்லுக்குக் கயிறு பிடித்தால் கல்லின் இடம் தாளில் வந்துவிடும். முதல் ஞாயிறு முழுக்க இப்படி அளந்தோம். வீட்டுக்கு வந்து வரைந்து பார்த்தால், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற இரண்டு கல்லுக்கு நடுவே தாளில் இரண்டரை மீட்டர் இடைவெளி! நைலான் கயிறு தண்ணீரில் ஊறி, இழுக்க இழுக்க நீண்டிருக்கிறது. ஒரு நாள் உழைப்பு வீண். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வாரம் நீட்சி இல்லாத ஃபைபர் டேப் ஒன்றை இரவல் வாங்கி எல்லாவற்றையும் திரும்ப அளந்தோம். அந்த ஏழு நாளில் ஏரியும் ஐந்து சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. மதகுப் படியில் முதல் நாளே நீர்மட்டத்துக்குச் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்ததால் ஆழக் கணக்கைச் சரிசெய்ய முடிந்தது. யாராவது ஏரி அளக்கப் போனால் அந்தக் கோட்டை முதல் வேலையாகப் போடுங்கள்.

தண்ணீர் கரும்பச்சை. உள்ளே கை வைத்தால் விரல் தெரியாது. அதனால் கல்லைப் பார்க்கவில்லை, தடவித்தான் அறிந்தேன். நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே இரண்டு கல்தூண்கள், எதிரெதிரே. இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஒரு பலகைக்கல். அதன் நடுவில் விரல் பட்டதும் நின்றுவிட்டேன். வட்டமான துளை, என் முஷ்டி சரியாக நுழையும் அளவு. துளையின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது, அம்மிக்கல் தேய்வதுபோல. மறுபக்கம் உளி கொத்திய சொரசொரப்பு அப்படியே இருந்தது. எத்தனை வருடம் எது உரசியிருந்தால் கல் இப்படித் தேயும்!

சார் கரையில் நின்றபடியே சொல்லிவிட்டார்: குமிழித் தூம்பு. கரைக்குத் தள்ளி ஏரிக்குள்ளேயே கட்டும் பழைய மதகு அது. தூண்களின் குறுக்குக்கல் துளை வழியாக ஒரு தண்டு இறங்கும். கீழே தொட்டியின் மேல்மூடியில் இருக்கும் துளையைத் தண்டின் அடியில் உள்ள குமிழ் அடைத்திருக்கும். பாசனத்துக்குத் தண்ணீர் வேண்டும்போது ஒருவர் நீந்திப்போய் தண்டைத் தூக்குவார். தண்ணீர் சுருங்கை என்கிற மூடிய கால்வாய் வழியாகக் கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போகும். தொட்டியின் அடிப்பக்கம் சேறு வெளியேறவும் தனித் துளை வைப்பார்கள்.

அப்படியானால் அந்த வட்டம்? ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் பகிர்ந்துகொள்ளும் கான்ஸ்டன்ஸ் ஏரியில் 2015இல் வரிசையாகக் கல்மேடுகள் கிடைத்தபோது, பனிப்பாறை விட்டுப்போன கல்லா, மனிதர் போட்ட கல்லா என்று கேள்வி வந்தது. கல் ஏரிப் படிவுக்கு மேலே கிடக்கிறதா, அடியில் இருக்கிறதா என்று ராடாரில் பார்த்தார்கள். மேலே கிடந்தது. மனிதர் வேலைதான் என்று முடிவானது. அதே கேள்வியை நாங்கள் ஓர் இரும்புக் கம்பியால் கேட்டோம். தூணை ஒட்டிக் கம்பியை இறக்கினால் ஒன்றரை மீட்டர் சேற்றுக்குள் போயும் தூணின் அடி வரவில்லை. ஆகாயத்தாமரை நின்ற வட்டத்துக்குக் கீழே கிடந்த கற்களோ சேற்றின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தன. ஒன்றைப் புரட்டினேன்: சிமென்ட் பூச்சு, உடைந்த டைல்ஸ். யாரோ கொட்டிய கட்டட இடிபாடு. 2019 வறட்சியில் அண்ணனின் மகன் எடுத்த போட்டோவைத் தேடிப் பார்த்தோம். அதில் இரண்டு தூணின் தலை தெரிகிறது; வட்டம் இல்லவே இல்லை.

தூம்பிலிருந்து கரைக்குச் செங்குத்தாகக் கோடு இழுத்து, கரைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் பார்த்தோம். நான்கு மாடி வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து, காரணமே இல்லாமல் வளைந்து வளைந்து போகிறது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பாட்டியிடம் கேட்டேன். “வாய்க்காப்பா. நான் கல்யாணம் ஆகி வந்தப்ப இதுல துணி துவைப்போம்” என்றார்.

வரைபடத்தில் ஒரு பிரதியை எழும்பூரில் தொல்லியல் துறைக்குக் கொடுத்தோம், ஒன்றைப் பொறியாளருக்கு. தூண் எந்தக் காலத்தது என்று நாங்கள் எழுதவில்லை. அதைச் சொல்லக் கல்வெட்டோ வேறு தடயமோ வேண்டும். பொறியாளர் ஒருநாள் காலையில் வந்து பார்த்துவிட்டு, பொக்லைன் ஓட்டுநர் கண்ணில் படுகிற மாதிரி நான்கு பக்கமும் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டச் சொன்னார். கட்டினோம். காற்றில் துணி கிழியும்போதெல்லாம் அண்ணன் மீனுக்குப் போகிற வழியில் புதுசு கட்டிவிட்டு வருகிறார்.