வைரச் சான்றிதழில் முதலில் எதைப் பார்ப்பது?

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ வைரம் வாங்கப் போகிறீர்களா? "ப்ளூ ஜாகர்" என்ற சொல்லில் மயங்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்திலிருந்து வந்த பழைய வணிகப் பெயர் அது. வைரங்களைத் தரம் பிரிக்கும் அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜிஐஏ (GIA) தரும் சான்றிதழின் தரவரிசையில் அதற்கு இடமில்லை. நிறத்துக்கு டி முதல் இசட் வரையிலான எழுத்துதான் கணக்கு.

சான்றிதழில் உள்ள அறிக்கை எண் பெரும்பாலும் கல்லின் இடைவிளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரரிடம் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கைக் கண்ணாடி) கேட்டு அதைப் படியுங்கள். பிறகு கைப்பேசியில் ஜிஐஏ தளத்தில் அதே எண்ணைத் தட்டி எடை, அளவு இரண்டையும் ஒப்பிடுங்கள். நன்றாக வெட்டிய ஒரு காரட் வட்டக் கல், அதாவது 0.2 கிராம், சுமார் 6.5 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். விட்டம் 6 தான் என்றால் எடை அடியாழத்தில் ஒளிந்திருக்கிறது. காரட்டுக்குக் காசு கொடுத்தும் கல் சிறியதாகவே தெரியும்.

கல் வெப்பத்தைக் கடத்துவதை அளக்கும் சோதனைப் பேனாவை மட்டும் நம்பாதீர்கள். வைரம் போலவே தெரியும் வேறு கல்லான மொய்சனைட்டும் அதில் வைரமாகத் தேறிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த கல்லோ உண்மையான வைரமே என்பதால் பேனா அதைப் பிரித்துச் சொல்லாது. அங்கேதான் சான்றிதழ் காசைக் காப்பாற்றுகிறது.

ஏழு கல் தோட்டின் பொடிக் கற்களுக்குத் தனித்தனிச் சான்றிதழ் அரிது. மொத்த காரட்டையும், திரும்ப வாங்கும் விதியையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.